காயடித்த நாய்க்குச் சிலை, கழித்த நாய்க்கு வம்சம்: லியோன்ஹார்ட் செப்பாலாவின் கென்னல் – ஒரு நிகழ்வு ஆய்வு

கென்னல், அதாவது நாய் வளர்த்து இனம் பெருக்கும் கொட்டடி நடத்துபவரின் திறமை எதில் இருக்கிறது என்று கேட்டால் பழக்குவதில், தீனியில், நோய் பார்ப்பதில் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தொழிலில் ஊறியவர்கள் சொல்வது வேறு. எந்தக் குட்டியை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது, எதை இனவிருத்திக்கு விடுவது, எதைக் காயடிப்பது என்ற நாலு தீர்மானத்தில்தான் ஒரு கென்னல் நிற்கும், விழும்.

அந்த நாலு தீர்மானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அலாஸ்காவின் லியோன்ஹார்ட் செப்பாலாவை விடத் தோதான ஆள் இல்லை. நாற்பது வருடத்துக்கு மேல் நாய்களோடு வேலை பார்த்தவர். பனியில் வண்டி இழுக்கும் நாயினமான சைபீரியன் ஹஸ்கி இன்று உலகம் முழுக்க இருக்கிறது; அதன் வம்சாவளியில் பெரும்பங்கு அவர் கொட்டடி வழியாக வந்தது. நாயைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவார் என்று பெயரெடுத்த அவர், இரண்டு நாய்களைத் தப்பாக எடை போட்டார். ஒன்றை வீட்டை விட்டே அனுப்பினார். இன்னொன்றைக் காயடித்துச் சரக்கு வண்டியில் கட்டினார். முதல் நாய் டோகோ, இரண்டாவது பால்ட்டோ. அவருடைய நாய்களில் உலகத்துக்குப் பெயர் தெரிந்தவை இந்த இரண்டும்தான்.

கண் இரண்டு முறை தவறியும் கென்னல் ஏன் தவறவில்லை என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

ஆளும் ஊரும்

செப்பாலா 1877ல் நார்வேயின் வடகோடியில் பிறந்தார். அப்பா மீன்பிடிப்பவர், கொல்லர். பையனும் அந்த இரண்டு வேலையையும் கற்றுக்கொண்டான். நாய் அவர் வாழ்க்கைக்குள் வந்தது அப்புறம்தான்.

1898ல் அலாஸ்காவின் மேற்குக் கரையில் நோம் பக்கம் தங்கம் கிடைத்தது. கண்டுபிடித்த மூவரில் ஒருவர் யாஃபெட் லிண்டெபெர்க், நார்வேக்காரர். அவர் சொன்னதை நம்பி 1900ல் செப்பாலா கப்பலேறினார். லிண்டெபெர்க்கின் பயோனியர் மைனிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் சறுக்குவண்டி ஓட்டும் பொறுப்பு கைக்கு வந்தது.

அந்த ஊரின் குளிர்காலத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கடல் உறைந்துவிடும். கப்பல் வராது. உள்நாட்டிலிருந்து வரத் தார்ச்சாலையும் இல்லை, ரயிலும் இல்லை. தபால், தங்கம், சாமான், நோயாளி எல்லாமே நாய் இழுக்கும் வண்டியில்தான். ஆக, செப்பாலா பொழுதுபோக்குக்கு நாய் வளர்த்தவர் இல்லை, கம்பெனிச் சம்பளத்துக்கு நாய் ஓட்டியவர். இது முக்கியம். அவருடைய கொட்டடி தனிக் கென்னலாகத் தன் வருமானத்தில் நின்ற காலம் மிகக் குறைவு. முதலில் சுரங்கம் தாங்கியது, அப்புறம் பந்தயப் புகழ், கடைசியில் ஒரு பணக்காரப் பங்காளி. கென்னல் வைத்திருப்பவர்கள் சொல்ல விரும்பாத விஷயம் இது. நாய்த் தொழிலின் வரவு பெரும்பாலும் நாய்க்கு வெளியிலிருந்துதான் வரும்.

'சைபீரிய எலிகள்'

நோமில் அப்போது மரியாதை பெருத்த நாய்களுக்குத்தான். மலமூட், அதனோடு கலந்த பெரிய உடம்புக்காரக் கலப்பு நாய்கள். 1908ல் கூசாக் என்ற ரஷ்ய வியாபாரி பெரிங் நீரிணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்ன நாய்களைக் கொண்டுவந்தார். ஊரே சிரித்தது. எலி என்றார்கள்.

சிரிப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. நோமிலிருந்து கேண்டில் வரை போய்த் திரும்பும் 'ஆல் அலாஸ்கா ஸ்வீப்ஸ்டேக்ஸ்' பந்தயம் 408 மைல், நம் கணக்கில் சுமார் 656 கிலோமீட்டர். 1910ல் ஜான் ஜான்சன் என்பவர் சைபீரிய நாய்களை ஓட்டி 74 மணி நேரம் 14 நிமிடத்தில் முடித்தார். பெரிய நாய் பாரத்தை நகர்த்தும். சின்ன நாய் குறைந்த தீனியில் தூரத்தைத் தின்னும். இது புரிய ஊருக்கு இரண்டு வருடம் பிடித்தது.

செப்பாலாவுக்கு இந்த நாய்கள் வந்து சேர்ந்தது தற்செயல். துருவப் பயணி ரோல்ட் ஆமுண்ட்சென் வடதுருவத்துக்குப் போகத் திட்டமிட்டிருந்தார். அவருக்குப் பரிசாகக் கொடுக்க லிண்டெபெர்க் சைபீரிய நாய்களை வாங்கி, பழக்கும் வேலையைச் செப்பாலாவிடம் விட்டார். பயணம் நடக்கவில்லை. நாய்கள் செப்பாலாவிடமே தங்கிவிட்டன.

1914ல் அவற்றைக் கட்டிக்கொண்டு முதல் முறை பந்தயத்தில் இறங்கினார். அடித்த பனிப்புயலில் தடம் தவறி, கடலை ஒட்டிய செங்குத்துப் பாறை விளிம்பு வரை போய்விட்டார். திரும்பி ஏறுவதற்குள் நாய்களின் பாதங்கள் கிழிந்துவிட்டன. பந்தயத்தை விட்டு விலகினார். நாய்களை அந்த நிலைக்குக் கொண்டுபோனது தன் அவசரம்தான் என்பது அவரை ரொம்ப நாள் உறுத்தியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1915, 1916, 1917 மூன்று வருடமும் அவர்தான் முதலிடம். உலகப் போர் நேரத்தில் பந்தயம் நின்றுபோனது.

கழித்துவிட்ட குட்டி

டோகோ பிறந்தது 1913ல். பிறந்தபோதே சின்னது. தொண்டை வீங்கும் நோய் வேறு. செப்பாலாவின் மனைவி கான்ஸ்டன்ஸ் சுடுதுணி ஒற்றடம் கொடுத்துக் காப்பாற்றினார். உடம்பு தேறியதும் தொல்லை ஆரம்பித்தது. அடைத்த இடத்தில் நிற்காது. வண்டி கிளம்பினால் பின்னாலேயே ஓடிவந்து, சேணத்தில் இருக்கும் நாய்களின் காதைக் கடிக்கும். கென்னல் வைத்திருக்கும் யாருக்கும் இந்த வகைக் குட்டி தெரிந்திருக்கும். உடம்பில் ஒன்றுமில்லை, வேலைக்கு ஆகாது, மற்ற நாய்களையும் கெடுக்கும் என்று தீர்ப்பெழுதிவிடுவோம். செப்பாலாவும் அப்படித்தான் எழுதினார். ஆறு மாதத்தில் அதை ஒரு வீட்டுக்குச் செல்லப் பிராணியாகக் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் குறை ஒன்றும் இல்லை. நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு. கொஞ்ச நாளில் டோகோ மூடியிருந்த கண்ணாடி ஜன்னலைப் பாய்ந்து உடைத்துக்கொண்டு, மைல் கணக்கில் ஓடிப் பழைய கொட்டடிக்கே வந்து நின்றது.

செப்பாலா அதைத் திருப்பி அனுப்பவில்லை. இந்தக் கதையில் எனக்கு மற்றதையெல்லாம் விடப் பெரிதாகப் படுவது இதுதான். நாயைக் கழித்துவிட்டோம், சொல் மாறக்கூடாது என்று வீம்பு பிடிக்கும் ஆட்கள் இந்தத் தொழிலில் நிறைய. அவர் குட்டியை வைத்துக்கொண்டார். ஆனால் நல்ல நாய் என்றும் அவசரப்பட்டுச் சொல்லவில்லை.

எட்டு மாத வயதில் அது மறுபடியும் கட்டை அவிழ்த்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் வந்துவிட்டது. வழியில் கலைமான்களைத் துரத்தி அமளி. வேறு வழியில்லாமல், கையில் இருந்த சேணத்தை அதற்கும் மாட்டினார். மாட்டிய நிமிடம் அது அடங்கியது. நாள் முடிவதற்குள் வரிசையில் மேலே மேலே நகர்ந்து லீட் நாயோடு ஜோடியாக ஓடியது. அன்றைக்கு மட்டும் 75 மைல். வேலைக்குப் போயிராத எட்டு மாதக் குட்டி.

லீட் நாய் என்பது வெறுமனே வேகமாக ஓடும் நாய் இல்லை. நம் வயலில் முன்னத்தி ஏர் மாதிரி, அது போகிற கோடுதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் கோடு. பனிக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா, பனிக்கட்டி விரிசல் விடுமா என்பதை ஓட்டுபவருக்கு முன்னால் அது உணர வேண்டும். சில சமயம் ஓட்டுபவர் சொல்வதை மீறவும் வேண்டும். அடக்க முடியாத குட்டி என்று செப்பாலா எதைக் குறையாகப் பார்த்தாரோ, அதே குணம் சேணத்துக்குள் வந்ததும் வேறு பெயர் வாங்கிவிட்டது.

செப்பாலா சொன்ன ஒரு சம்பவம் உண்டு. நார்ட்டன் சவுண்ட் என்ற வளைகுடாவைக் கடக்கும்போது அவர்கள் நின்ற பனிப்பாளம் கரையிலிருந்து பிய்ந்துவிட்டது. டோகோவின் சேணத்தில் நீளக் கயிற்றைக் கட்டி, இடைவெளிக்கு அந்தப் பக்கம் இருந்த நிலையான பனிமேல் அதை வீசினார். டோகோ இழுக்க ஆரம்பித்ததும் கயிறு அறுந்து தண்ணீரில் விழுந்தது. நாய் தண்ணீருக்குள் தலையை விட்டுக் கயிற்று நுனியைக் கவ்வி, உருண்டு தோளில் சுற்றிக்கொண்டு இழுத்ததாம். சொன்னவர் நாய்க்குச் சொந்தக்காரர் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் மீதி நிறைய.

பால்ட்டோ

1919ல் அதே கொட்டடியில் பிறந்தது பால்ட்டோ. கட்டையான உடம்பு. பந்தயத்துக்கு ஆகாது, சரக்கிழுக்கட்டும் என்று செப்பாலா முடிவெடுத்தார். ஆறு மாதத்திலேயே காயடித்தாகிவிட்டது. டோகோ விஷயத்தில் போல இங்கே திரும்பி வரும் வழி இல்லை. கொடுத்த நாய் ஜன்னலை உடைத்து வரலாம், காயடித்தது காயடித்ததுதான்.

இதைத் தவறு என்று சொல்லலாமா? எனக்கு முழு ஒப்புதல் இல்லை. அவர் தேடியது வேகமும் நெடுந்தூரத் தாக்குப்பிடிப்பும். அந்த அளவுகோலில் பால்ட்டோ நடுத்தரம்தான். அளவுகோலுக்கு வெளியே ஒரு இரவு வரும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது.

1925 ஜனவரி

நோமில் தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா பரவியது. ஊரின் ஒரே டாக்டர் கர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்த மருந்து காலாவதியானது. குழந்தைகள் சாக ஆரம்பித்தார்கள். ஆங்கரேஜ் மருத்துவமனையில் இந்த நோய்க்கான மருந்தான சீரம் 3,00,000 யூனிட் இருப்பது தெரிந்து, அதை ரயிலில் நெனானா வரை கொண்டுவந்தார்கள். அங்கிருந்து நோம் 674 மைல், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இருபது ஓட்டுநர்களும் சுமார் 150 நாய்களும் கைமாற்றி 127 மணி நேரச் சொச்சத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். முழுக் கதையைச் சொல்ல இங்கே இடமில்லை. கென்னல் கணக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

செப்பாலா நோமிலிருந்து எதிர்த்திசையில், சீரத்தைப் பாதி வழியில் வாங்கிவரக் கிளம்பினார். அவருடைய ஒரே மகள் சிக்ரிட்டுக்கு எட்டு வயது, நோய் பரவிய அதே ஊரில் இருந்தாள். லீடில் டோகோ. வயது அப்போது 12. வேறு எந்தக் கென்னலிலும் 12 வயது நாய்க்கு ஓய்வு கொடுத்திருப்பார்கள்.

அவர் போய்க்கொண்டிருக்கும்போதே திட்டம் மாறியது. இன்னும் நிறைய ஓட்டுநர்களைச் சேர்த்து கைமாற்று ஓட்டத்தை வேகப்படுத்தினார்கள். அவருக்குச் சொல்ல வழியில்லை. 170 மைல் போன பிறகு ஷக்டூலிக் பக்கத்தில் ஹென்றி இவானோஃப் எதிரே வந்தார். இவானோஃபின் நாய்கள் ஒரு கலைமானைப் பார்த்துச் சிக்கிக்கொண்டு நின்றிருந்தன. கொஞ்சம் விட்டிருந்தால் செப்பாலா அவரைத் தாண்டிப் போயிருப்பார்.

சீரத்தை வாங்கியதும் முடிவெடுக்க வேண்டிய இடம். கரையோரமாகச் சுற்றிப் போகலாம், பத்திரம், நேரமாகும். அல்லது வந்த வழியே உறைந்த நார்ட்டன் சவுண்டின் மேலேயே திரும்பலாம். இருட்டிவிட்டது, மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே, காற்று பனியைப் பிளக்கும் திசையில் அடித்தது. அவர் பனிமேல் திரும்பினார். இருட்டில் கண்ணால் பனியைப் படிக்க முடியாது. டோகோவை நம்பித்தான் அந்த முடிவு. அன்று கடந்த தூரம் மட்டும் 84 மைல். அக்கரையில் சில மணி நேரம் நாய்களுக்குத் தீனியும் ஓய்வும் கொடுத்து, பின்னிரவில் மறுபடி கிளம்பி, மலையேறி, கோலோவினில் சார்லி ஓல்சனிடம் கைமாற்றினார். சீரத்தோடு ஓடியது 91 மைல். மற்றவர்களில் அதிகபட்சம் 53 மைல்.

அந்த 53 மைலை ஓட்டியவர் குன்னர் காசன். செப்பாலா வீட்டில் விட்டுப்போன நாய்களிலிருந்து அணி கட்டினார். லீடுக்கு அவர் தேர்ந்தெடுத்தது பால்ட்டோவை. கண் தெரியாத புயலில் அந்தச் சரக்கு நாய் தடத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, பிப்ரவரி 2 அதிகாலை ஐந்தரை மணிக்கு நோமுக்குள் வந்தது. கடைசிக் கட்டத்தை ஓட வேண்டிய ஆள் தூங்கிக்கொண்டிருந்ததால் காசன் எழுப்பாமல் தானே தொடர்ந்தார் என்பதும், அது சரியா தப்பா என்பதும் தனி வழக்கு.

அதே சமயத்தில் டோகோ என்ன செய்தது தெரியுமா? வேலை முடிந்து திரும்பும் வழியில் இன்னொரு நாயோடு சேர்ந்து கட்டை அறுத்துக்கொண்டு கலைமான் துரத்தப் போய்விட்டது. பன்னிரண்டு வயதில். சில நாள் கழித்து அதுவாகவே கொட்டடிக்கு வந்தது.

பெயர் ஒன்றுக்கு, வாரிசு இன்னொன்றுக்கு

பத்திரிகைகளுக்குக் கடைசியாக வந்த நாய்தான் நாய். 1925 டிசம்பரில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பால்ட்டோவுக்குச் சிலை. டோகோவின் பந்தயச் சாதனைகளைக்கூடச் சில பத்திரிகைகள் பால்ட்டோ பெயரில் எழுதின. செப்பாலாவுக்கு இது ஆறாத வருத்தம். இன்னொரு நாயின் பெருமையைக் குறைக்க வேண்டும் என்பதல்ல, டோகோவுக்கு உரியது போய்விட்டதே என்பதுதான் அவர் பேச்சின் சாரம். அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் பால்ட்டோவும் அவர் வளர்த்த நாய்தான் என்பதை அவர் தன் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை.

பால்ட்டோவின் புகழ் அதற்குச் சோறு போடவில்லை. ஊர் ஊராக மேடையேற்றப்பட்டு, கைமாறி, லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மலிவான காட்சிக்கூடத்தில் சங்கிலியோடு கிடந்தது. கிளீவ்லாந்து வியாபாரி ஜார்ஜ் கிம்பிள் பார்த்துப் பதறி, பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஊர்மக்களிடம் 2,000 டாலருக்கு மேல் திரட்டி, 1927ல் கிளீவ்லாந்து மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டுபோனார். 1933ல் இறந்தது. காயடித்த நாய், வாரிசு இல்லை.

செப்பாலா 1926ல் டோகோவையும் நாற்பது நாய்களுக்கு மேலும் கூட்டிக்கொண்டு அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆமுண்ட்சென் டோகோவுக்குத் தங்கப் பதக்கம் அணிவித்தார். அவருக்கென்று வாங்கிய நாய்களோடு தொடங்கிய கொட்டடியிலிருந்து வந்த நாய்க்கு அவர் கையாலேயே பதக்கம். 1927 ஜனவரியில் மெய்ன் மாநிலத்தின் போலண்ட் ஸ்பிரிங்கில் நாய்வண்டி ஓட்டுநர் ஆர்தர் வால்டனின் பெரிய நாய்களை இந்தச் சின்ன நாய்கள் வென்றன. நோமில் நடந்த சிரிப்பும் வியப்பும் அங்கே மறுபடி நடந்தன.

அங்கேதான் எலிசபெத் ரிக்கரோடு பங்கு சேர்ந்து கென்னல் ஆரம்பித்தார். ரிக்கர் குடும்பம் போலண்ட் ஸ்பிரிங் ஓட்டல்காரர்கள். டோகோவை அங்கேயே விட்டுவிட்டு செப்பாலா அலாஸ்காவுக்கும் மெய்னுக்குமாகப் போய்வந்தார். டோகோ அங்கே வெயில் காய்ந்துகொண்டு குட்டிகளுக்குத் தகப்பனாக இருந்தது. மூட்டுவலியும் கண்பார்வைக் குறையும் முற்றியபின் 1929 டிசம்பர் 5 அன்று செப்பாலா அதைக் கருணைக்கொலை செய்யச் சொன்னார். வயது 16.

1930களின் தொடக்கத்தில் கூட்டு முடிந்தது. மீதி நாய்கள் கனடாவில் கியூபெக்கைச் சேர்ந்த ஹாரி வீலரிடம் போயின. நாயினங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் 1930ல் சைபீரியன் ஹஸ்கியைத் தனி இனமாக அங்கீகரித்திருந்தது. சைபீரியாவிலிருந்து நாய் வருவதும் அந்தக் காலத்தோடு நின்றது. இருந்த நாய்களிலிருந்துதான் இனி இனம். அந்த நேரத்தில் கையில் டோகோவின் ரத்தம் இருந்தது, பால்ட்டோவின் ரத்தம் இல்லை.

கென்னல் ஏன் தவறவில்லை

என் பார்வையில் காரணம் எளிமையானது. செப்பாலா குட்டியைப் பார்த்துத் தீர்ப்பெழுதினார், ஆனால் கடைசித் தீர்ப்பைச் சேணத்துக்கு விட்டார். தோற்றம், அளவு, குணம் பற்றி அவர் நினைத்தது தப்பாக இருந்தாலும், ஓடிக் காட்டிய நாயை ஒதுக்கவில்லை. டோகோ விஷயத்தில் அது வேலை செய்தது. பால்ட்டோ விஷயத்தில், மாற்ற முடியாத முடிவை மிகச் சீக்கிரம் எடுத்துவிட்டதால் வேலை செய்யவில்லை.

2023ல் 'சயின்ஸ்' இதழில் பால்ட்டோவின் மரபணு ஆய்வு வந்தது. பதப்படுத்தி வைத்திருந்த தோலிலிருந்து எடுத்த மாதிரி. இன்றைய ஹஸ்கிகளோடு அதற்கு இருந்தது ஓரளவு உறவுதான். இன்றைய இன நாய்களை விட மரபணு வேறுபாடு அதிகம், கேடு தரக்கூடிய மாற்றங்கள் குறைவு. செப்பாலா காலத்துக் கொட்டடி நாய்கள் இன்றைய அர்த்தத்தில் 'சுத்த இனம்' இல்லை, வேலைக்காகச் சேர்த்த கூட்டம் என்று இதைப் படிக்கலாம். கென்னல் கிளப்பின் இனப் பதிவேடு வந்தபின் நிறமும் கண்ணும் வாலும் மதிப்பெண் வாங்கத் தொடங்கின. சென்னை அடுக்ககத்தில் ஏசி போட்டு நீலக்கண் ஹஸ்கி வளர்ப்பவர் காசு கொடுத்தது அந்த மதிப்பெண்ணுக்குத்தான். நாள் ஒன்றுக்கு 75 மைல் ஓடிய உடம்பு கூடவே வரும் என்பதைக் குட்டி விற்றவர் அவரிடம் சொல்வதில்லை.

செப்பாலா 1932 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில் காட்சிப் போட்டியாக நடந்த சறுக்குவண்டி ஓட்டத்தில் எமில் செயின்ட் கோடாருக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். வயது 54. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பக்கம் சுரங்கக் கம்பெனி வேலை, பிறகு ஓய்வு, சியாட்டில். 1967 ஜனவரியில், 89 வயதில் காலமானார். டோகோவின் பதப்படுத்திய உடல் இப்போது அலாஸ்காவின் வசில்லாவில், இடிட்டராட் என்ற நெடுந்தூர நாய்வண்டிப் பந்தயத்தின் தலைமையகத்தில் இருக்கிறது. அந்தப் பந்தயத்தில் நாய்களை நன்றாகக் கவனித்துக்கொண்ட ஓட்டுநருக்கு வருடாவருடம் செப்பாலா பெயரில் ஒரு விருது கொடுக்கிறார்கள். முதலில் வந்தவருக்கான விருது தனி.